1,34,900 ரூவாயில ஸ்க்ரீனுக்கு எவ்வளவு, கம்ப்யூட்டருக்கு எவ்வளவு?

வணக்கம் மக்களே. கும்பகோணத்துலேர்ந்து பேசுறேன். ஐப்பசி மழை, தகர ஷீட்டு மேல விழற சத்தம் மைக்ல கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க, இப்ப விட்டா அப்பறம் கார்த்திகை முகூர்த்தம் ஆரம்பிச்சுடும், எனக்கு உக்காந்து பேச நேரமே கெடைக்காது.

மன்னார்குடியிலேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணியிருந்தாப்ல. புதுசா போட்டோ ஸ்டுடியோ போட்டிருக்காப்ல, அம்மா நகைய வெச்சு காசு பொரட்டிருக்காங்க. "அண்ணே, 24 இன்ச் ஐமேக் 1,34,900 சொல்றாங்க, இன்னொரு கடையில 27 இன்ச் விண்டோஸ் ஆல் இன் ஒன் அறுபத்தஞ்சாயிரம் சொல்றாங்க, ஸ்க்ரீனும் பெருசு வெலையும் பாதி, எதண்ணே எடுக்கறது"ன்னு கேட்டாப்ல. போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லி வெச்சுட்டேன், ஆனா மனசு கேக்கல, அடகு வெச்ச காசு அது. அதான் முழுசா கணக்கு போட்டு இங்க சொல்லிடறேன், அவருக்கும் ஆச்சு, இதே கேள்வியோட இருக்கற மத்தவங்களுக்கும் ஆச்சு.

முதல்ல ஒன்னு. ஐமேக்குங்கறதும் ஆப்பிளோட ஆல் இன் ஒன்தான், ஆனா ஆல் இன் ஒன் ஒரே பொருள் கெடையாதுங்க. ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மானிட்டரையும் ஒன்னா ஒட்டி விக்கிறாங்க. ரெண்டுக்கும் ஆயுசு வேற வேற. கம்ப்யூட்டர் அஞ்சாறு வருஷத்துல பழசாயிடும், சாப்ட்வேர் அப்டேட்டு நின்னுடும். நல்ல பேனல், அதாவது ஸ்க்ரீன், பத்து வருஷம் கூட உழைக்கும். இத மனசுல வெச்சுக்கிட்டு வெலைய பாத்தாதான் அந்த வெலைக்கு அர்த்தம் புரியும்.

எனக்கு இது எப்படி தெரியும்னா பட்டுதான் தெரியும். 2017ல ஒரு 27 இன்ச் 4கே, அதாவது 3840க்கு 2160 பிக்சல் உள்ள ஆல் இன் ஒன் வாங்குனேன், எந்த கம்பெனின்னு சொல்லல, வேண்டாம். அவ்வளவு அழகான ஸ்க்ரீன்ங்க. மூணு வருஷம் அதுலதான் அத்தன ஆல்பமும். 2020 மழையில ஒரு நாள் சாயங்காலம் வோல்டேஜ் ஏறி எறங்குச்சு, டப்புன்னு நின்னுடுச்சு. திருச்சிக்கு கார்ல தூக்கிட்டு போனேன், போர்டு போயிடுச்சு, மாத்தணும்னா புது மெஷின் வெலையில பாதிக்கு மேல ஆகும்னுட்டாங்க. நான் கேட்டேன், ஸ்க்ரீன் நல்லாதானே இருக்கு, அத மட்டும் மானிட்டரா வெச்சுக்கலாமான்னு. முடியாதாம், வெளியிலேர்ந்து சிக்னல் வாங்கறதுக்கு அதுல வழியே கெடையாதாம். நம்ம ஊர்ல லோ வோல்டேஜுல மோட்டார் காயில் எரிஞ்சா என்ன பண்ணுவோம்? காயில் கட்டி திரும்ப எறக்குவோம், போரையே மூடிட்டா போவோம்? ஆனா அன்னிக்கு எனக்கு அதான் நடந்துச்சு. 83 லட்சம் பிக்சலும் நல்லா இருக்கற ஒரு கண்ணாடி இன்னும் எங்க வீட்டு மாடியில போர்வை சுத்தி கெடக்கு.

அதுக்கப்பறம் கையில காசு இல்லாம ஒரு மட்டமான ஸ்க்ரீன் உள்ள மெஷின்ல வேலை பாத்தேன் பாருங்க, அதுதான் இன்னும் பெரிய நஷ்டம். மாயவரம் பக்கம் ஒரு கல்யாணம். பொண்ணுக்கு அரக்கு கலர்ல கூறைப்பொடவை. என் ஸ்க்ரீன்ல அந்த அரக்கு வெளிறிப்போயி செங்கல் மாதிரி தெரிஞ்சுது, சரி கலர் கம்மியா இருக்குன்னு நான் சாச்சுரேஷன ஏத்தி விட்டேன். பிரிண்ட்டு வந்தா மிளகாப்பழ செவப்பு, ஜரிகை முழுக்க மஞ்சப்பொடி மாதிரி. பொண்ணோட அப்பா எதுவும் கத்தல, பொடவைய பீரோலேர்ந்து எடுத்துட்டு வந்து ஆல்பம் பக்கத்துல விரிச்சு வெச்சாரு, அவ்வளவுதான். மொத்த ஆல்பத்தையும் என் செலவுல திரும்ப அடிச்சு குடுத்தேன்.

இது ஏன் ஆச்சுன்னா, கொறஞ்ச வெலை ஆல் இன் ஒன்ல நெறைய மாடல்ல ஸ்பெக் ஷீட்ட தேடிப் பாத்தீங்கன்னா 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு ஒரு மூலையில போட்டிருக்கும், ஸ்க்ரீன் எவ்வளவு கலர் காட்டும்ங்கறதுக்கு அது ஒரு அளவுகோல். எஸ்ஆர்ஜிபின்னு சொல்ற, சாதாரண போட்டோவுக்கு வெச்சிருக்கற கலர் அளவையே அது முழுசா காட்டாது, முக்கியமா செவப்பு. எஸ்ஆர்ஜிபிய முழுசா காட்டணும்னா சுமாரா 72 சதவீதம் என்டிஎஸ்சி வேணும். கடைக்காரங்க இன்ச்சு சொல்வாங்க, டச் இருக்குன்னு சொல்வாங்க, இத சொல்லவே மாட்டாங்க. நீங்கதான் கேக்கணும், பேர கேக்காதீங்க, மாடல் நம்பர வாங்கி தேடுங்க. அந்த ஷீட்டுல கலர் எத்தன சதவீதம்ங்கறதே இல்லன்னா நான் அத மட்டமான பேனல்னுதான் எடுத்துக்குவேன்.

அடுத்து அந்த 27 இன்ச்ச எடுத்துக்குங்க. தம்பி சொன்ன அறுபத்தஞ்சாயிரம் மெஷின் புல் எச்டி, 1920க்கு 1080. அதாவது 20 லட்சத்து சொச்சம் பிக்சல். அதே பிக்சலத்தான் 27 இன்ச்சுக்கு இழுத்து விட்டிருக்காங்க, ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும். 24 இன்ச்சுல அதே புல் எச்டி 92 வரும், அதனால பெரிய ஸ்க்ரீன் இங்க இன்னும் மோசம். 27 இன்ச் 4கேன்னா 163. 5கேன்னா, அதாவது 5120க்கு 2880ன்னா, 218. நம்பரா கேட்டா புரியாது, பத்திரிகை டிசைன் பண்றவங்கள கேளுங்க, தமிழ் எழுத்துல ணகரத்தோட சுழி, ஞகரத்தோட வளைவு, மெய்யெழுத்து புள்ளி, இதெல்லாம் 82ல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு தெரியும், 218ல அச்சடிச்ச தாள பாக்கற மாதிரி இருக்கும். நம்ம ஆல்பம் ஷீட்டு 12க்கு 36 இன்ச், 300 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளின்னு பாத்தா 3600க்கு 10800, மூணேமுக்கா கோடிக்கு மேல பிக்சல். புல் எச்டில முழு ஷீட்ட வெச்சு பாத்தா ஆறு பிக்சலுக்கு ஒன்னுதான் அகலத்துல தெரியும், மூக்குத்தி ஷார்ப்பா விழுந்துருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஜூம் பண்ணிட்டே இருக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணு எரியுறதுக்கு அதுதான் காரணம்.

செத்த இருங்க, கரண்ட் போயிடுச்சு... யூபிஎஸ்ல ஓடுது, பேசுவோம்.

அப்ப ஆல் இன் ஒன்னே வேஸ்டான்னா இல்லைங்க, அத நான் சொல்லவே மாட்டேன். ஒரு காலத்துல அதுதான் லாபம். 2014 அக்டோபர்ல ஆப்பிள் 27 இன்ச் 5கே ஐமேக் விட்டாங்க, ஆரம்ப விலை 2,499 டாலர். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி டெல் 27 இன்ச் 5கே மானிட்டர் அறிவிச்சாங்க, அதுவும் 2,499 டாலர், வெறும் மானிட்டர் மட்டும். அதாவது மானிட்டர் வெலைக்கு கம்ப்யூட்டர் சும்மா வந்துச்சு. அப்ப மானிட்டர் கேபிளுக்கு இருந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2ங்கற தரத்துல, ஒரு கேபிள்ல அவ்வளவு பிக்சலையும் 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 தடவை தள்ள முடியாது, டெல் மானிட்டருக்கு ரெண்டு கேபிள் போடணும். ஐமேக்ல எல்லாமே டப்பாவுக்குள்ளயே இருக்கறதால ஆப்பிள் சொந்தமா, பேனலோட பிக்சல ஓட்டற டைமிங் கன்ட்ரோலர்னு ஒரு சிப்பு செஞ்சு அந்த தடைய தாண்டிட்டாங்க. ஆல் இன் ஒன்னுக்கு உண்மையான பலம்னா அதுதான், உள்ளுக்குள்ள யாரு கேபிள் தரத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

ஆனா அதே காரணத்தாலதான் அந்த 5கே ஐமேக்க வெளியிலேர்ந்து மானிட்டரா பயன்படுத்த முடியாது. அதுக்கு முன்னாடி இருந்த சில ஐமேக்ல டார்கெட் டிஸ்ப்ளே மோட்னு ஒரு வசதி இருந்துச்சு, 5கேல எடுத்துட்டாங்க. இப்ப 2015 மாடல் மேக்ஓஎஸ் மான்டரேங்கற பழைய ஆப்பிள் சாப்ட்வேரோட நிக்குது, 2017 மாடல் வென்சுராவோட நிக்குது. பேனல் இன்னும் தங்கம் மாதிரி இருக்கு. சில பேரு அத பிரிச்சு தனியா ஒரு டிரைவர் போர்டு போட்டு மானிட்டரா மாத்திக்கிறாங்க, செகண்ட்ல வாங்கி செய்யலாமான்னு நெறைய பேரு கேக்கறீங்க. கண்ணாடிய பசை டேப் போட்டு ஒட்டியிருப்பாங்க, அத அறுத்து எடுக்கணும், உள்ள பவர் சப்ளை தொறந்த மாதிரி இருக்கும், கை வெச்சா ஆபத்து. வேலை தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா பாருங்க, இல்லன்னா வேண்டாம். விண்டோஸ் பக்கமும் இதே கதைதான், 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது, இன்டெல் ஏழாவது ஜெனரேஷன் வரைக்கும் உள்ள மெஷின் பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு தகுதி இல்ல, அதுல நல்ல ஸ்க்ரீன் உள்ள ஆல் இன் ஒன் எத்தனையோ இருக்கு.

இன்னொரு கணக்கு பாருங்க, எனக்கு ரொம்ப வருத்தமான கணக்கு. 2020ல 27 இன்ச் 5கே ஐமேக் ஆரம்ப விலை 1,799 டாலர். 2022 மார்ச்ல அந்த ஐமேக்க நிறுத்திட்டு, அதே 27 இன்ச் 5கேல ஸ்டூடியோ டிஸ்ப்ளேன்னு மானிட்டர் மட்டும் விட்டாங்க, 1,599 டாலர், இந்தியாவுல 1,59,900. ஒசரம் ஏத்தி எறக்கற ஸ்டாண்டு வேணும்னா இன்னும் 400 டாலர். முன்னாடி 200 டாலர் கூட குடுத்தா கம்ப்யூட்டரே வந்துச்சு! பெரிய ஸ்க்ரீன் ஆல் இன் ஒன் பிடிச்சவங்களுக்கு அன்னிக்கு போன லாபம் இன்னும் திரும்பி வரல. அப்பறம் 2024ல அசூஸ் 27 இன்ச் 5கே மானிட்டர் 799 டாலருக்கு விட்டாங்க, அதுக்கப்பறம்தான் தனியா வாங்கறவங்களுக்கு கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

சரி, இப்ப தம்பியோட 1,34,900க்கு வருவோம். எம்4ங்கற ஆப்பிள் சிப்பு போட்ட ஐமேக் 2024 அக்டோபர்ல வந்தப்ப அதான் ஆரம்ப விலை. அதே மாசம் எம்4 மேக் மினி, அதாவது ஸ்க்ரீன் இல்லாத சின்ன டப்பா கம்ப்யூட்டர், 59,900க்கு வந்துச்சு. ரெண்டுலயும் 16 ஜிபி ரேம், சொல்லப்போனா மினியோட சிப்புல 10 கோர், கொறஞ்ச வெலை ஐமேக்ல 8 கோர்தான். அப்ப கழிச்சு பாத்தா 75,000 ரூவா. அந்த 75,000க்கு என்ன வருது? 4.5கே பேனல், 4480க்கு 2520, ஒரு கோடியே 12 லட்சம் பிக்சல், 500 நிட்ஸ் வெளிச்சம், எஸ்ஆர்ஜிபிய விட அதிகம் காட்டற பி3 கலர், கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டு, மவுஸ். நியாயமா பாத்தா அது அநியாய வெலை இல்லைங்க, அந்த தரத்துல 24 இன்ச் தனி மானிட்டர் தேடுனா கெடைக்கறதே கஷ்டம். ஆஸ்பத்திரி ரிசப்ஷன், ஆடிட்டர் ஆபீஸ், வீட்டு ஹால், பத்திரிகை டிசைன் மட்டும் பண்றவங்க, ஒரே ஒயரு, இடத்த அடைக்காது, இவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு வாங்க சொல்வேன்.

ஆல்பம் வேலைக்கு மட்டும் நான் வேற சொல்றேன். மினி, வந்தப்ப இருந்த வெலையில 59,900. நல்ல 27 இன்ச் 4கே ஐபிஎஸ் (பக்கவாட்டுல பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாத வகை) மானிட்டர் இருபத்தஞ்சாயிரத்துலேர்ந்து நாப்பதாயிரத்துக்குள்ள கெடைக்குது, முப்பதுன்னு வெச்சுக்குங்க. 90,000 ஆச்சு. மீதி நாப்பத்தஞ்சுல கலர் கேலிப்ரேட் பண்ற, அதாவது ஸ்க்ரீன் கலர அளந்து சரி பண்ற கருவி ஒன்னு, கீபோர்டு மவுஸ், நல்ல யூபிஎஸ். அவ்வளவுதான், அதே காசு. ஷார்ப்பு ஐமேக் அளவுக்கு இருக்காது, ஒத்துக்கறேன், ஆனா ஸ்க்ரீன் பெருசு, ஆறு வருஷம் கழிச்சு மினிய மட்டும் மாத்துனா போதும். நம்ம டெல்டாவுல மழை காலத்துல கரண்ட் வந்து போற லட்சணத்துக்கு ஏதாவது ஒன்னு அடிபட்டாலும் இன்னொன்னு நிக்கும். சர்வீஸுக்கும் சின்ன டப்பாவ பைக்ல வெச்சு கொண்டு போயிடலாம், 27 இன்ச் கண்ணாடிய மடியில வெச்சுக்கிட்டு திருச்சி வரைக்கும் போன எனக்குதான் அந்த கஷ்டம் தெரியும்.

ஜிஎஸ்டி 18 சதவீதம் அந்த வெலைக்குள்ளயே இருக்கு, 1,34,900ல அது இருபதாயிரத்து ஐநூத்து சொச்சம். ரெகுலரா ஜிஎஸ்டி பதிவு வெச்சிருந்தா கடை பேர்ல பில்லு போட்டு வாங்குங்க, இன்புட் கிரெடிட் எடுக்கலாம், அதாவது நீங்க கட்ட வேண்டிய வரியில அத கழிச்சுக்கலாம், சின்ன வியாபாரிங்களுக்கான காம்போசிஷன் திட்டத்துல இருந்தா கெடையாது.

விண்டோஸ்லயே ஆல் இன் ஒன்தான் வேணும்னு அடம் புடிக்கறவங்க ஒரே ஒரு விஷயம் பாருங்க, பின்னாடி எச்டிஎம்ஐ இன் இருக்கான்னு. அவுட் இல்ல, இன். கடையில "எச்டிஎம்ஐ இருக்கு சார்"னு சொல்வாங்க, பெரும்பாலும் அது அவுட்டா இருக்கும், வேற மானிட்டருக்கு படம் அனுப்பறது. இன் இருந்தாதான் உள்ள கம்ப்யூட்டர் செத்தாலும் ஸ்க்ரீன் பொழைக்கும். கையில லேப்டாப் எடுத்துட்டு போயி சொருகி படம் வருதான்னு பாத்துட்டு காசு குடுங்க. என் மாடியில கெடக்கறதுல அந்த ஒரு ஓட்டை இருந்திருந்தா இன்னிக்கும் அதுலதான் வேலை பாத்துட்டு இருப்பேன்.

தம்பி, நீ இத பாப்பன்னு தெரியும். அந்த அறுபத்தஞ்சாயிரம் மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்காத, குடுத்திருந்தா திரும்ப கேளு. திங்கக்கெழம நானே திருச்சி போறேன், நீயும் வா, மானிட்டர் பாக்கலாம். வரும்போது அம்மாவோட அரக்கு பட்டு ஒன்னு பையில மடிச்சு எடுத்துட்டு வா, அதையே பகல் வெளிச்சத்துல கேமராவுல எடுத்து பென்டிரைவ்ல போட்டுக்க, கடையில அந்த படத்த ஓட்டிட்டு பொடவைய ஸ்க்ரீன் பக்கத்துல விரிச்சு பாப்போம்.