காசநோய் தீர்ந்த பின்னும் சளியில் ரத்தமா?

நேயர்களுக்கு வணக்கம். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் இருமல் வரும். உடல் மெலியும், சளியில் ரத்தம் தெரியும். காசநோய் திரும்பிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் அஞ்சுவார்கள். சளியில் கிருமி அகப்படாதபோதும் அதே மாத்திரைகள் மறுபடி தொடங்கப்படுவதுண்டு. எனக்கு இது மிகுந்த வேதனை தருகிறது.

காசநோய் நுரையீரலில் குழிகளை விட்டுச் செல்லும். அங்கே ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை குடியேறலாம். வைக்கோலிலும் மக்கிய இலைதழைகளிலும் வளரும் இதன் வித்துகளை நாம் அனைவரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். நலமான நுரையீரல் அவற்றை அகற்றிவிடும். குழி விழுந்த இடத்தில் அவை தங்கி வளர்ந்து, சில சமயம் பந்தாகவே திரண்டுவிடும். காசநோய் மாத்திரைகள் இந்தப் பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை.

பலருக்குச் சளிப் பரிசோதனையில் இது சிக்குவதில்லை. ஆனால் பூஞ்சையை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி, பெரும்பாலான நோயாளிகளின் ரத்தத்தில் உயர்ந்திருக்கும். சிறிது ரத்தம் போதும். எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் அதன் அளவைக் கணக்கிடலாம். அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனையும் உண்டு.

ரத்த முடிவை மட்டும் வைத்து நோயை உறுதி செய்யக் கூடாது. பூஞ்சை வித்துகள் உள்ளே போயும் நோய் வராதவர்களுக்கும் ஆன்டிபாடி இருக்கலாம். தொந்தரவு மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும், எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ குழி தெரிய வேண்டும், காசநோய் இருக்கிறதா என்பதையும் தனியே பார்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களின் உடல் ஆன்டிபாடியை உண்டாக்காமலே போகலாம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் போன்றவர்களுக்குப் பூஞ்சையின் சுவரிலுள்ள காலக்டோமன்னன் என்ற பொருளையே தேடுகிறோம்.

நோய் உறுதியானால் இட்ராகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதன் வேலையைப் பெரிதும் குறைத்துவிடும். அதனால்தான் எது நோய் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

ரத்தம் அதிகமாக வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றவர்கள், ஆஸ்பர்ஜில்லஸ் ஆன்டிபாடி பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். குழி பெரிதாகியிருக்கிறதா, அதனுள் புதிதாக ஏதேனும் தெரிகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். வணக்கம்.