தக்காளியின் அடி ஏன் கறுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

நெல் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்கள். கொஞ்சம் காயவிட்டு, அப்புறம் தண்ணீர் கட்டுவது. காய் பிடித்த தக்காளிக்கு இது ஆகவே ஆகாது.

போன சித்திரையில் மூன்று நாள் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மாடியில் பைகளில் வளர்த்த தக்காளிச் செடிகளெல்லாம் துவண்டு கிடந்தன. மனசு கேட்காமல் பை நிரம்பி வழிய ஊற்றினேன். மறுநாளே பழுக்கத் தொடங்கிய காய்கள் வெடித்துவிட்டன. காய்ந்து கிடந்த செடி தண்ணீரை ஒரேயடியாக இழுக்கும்போது உள்ளே சதை பெருக்கும், தோல் அந்த வேகத்துக்கு விரியாது. பத்து நாள் கழித்து, பிஞ்சுகளின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கியது.

இதைப் பார்த்ததும் நோய் என்று பயந்து மருந்து அடிக்கிறோம். இது பூச்சியோ பூஞ்சையோ அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து பெரும்பாலும் மண்ணில் இருக்கத்தான் செய்கிறது. தண்ணீரோடு சேர்ந்துதான் அது காய்க்கு ஏற முடியும். தண்ணீர் விட்டு விட்டு வந்தால் சத்தும் வழியில் நின்றுவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்கள் முதலில் தண்ணீரைச் சீராக்கிப் பாருங்கள்.

சரி, எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர்? தோட்டத்தில் நாற்று நட்ட அன்றும், மூன்றாம் நாள் நாற்று வேர் பிடிப்பதற்கான உயிர்த் தண்ணீரும் கட்டாயம். பிறகு வாரம் ஒரு முறை என்பது பொதுக் கணக்கு. செம்மண் அதற்கு முன்பே காயும், கரிசல் கூடுதலாகத் தாங்கும். மாடிப் பையில் மண் குறைவு என்பதால் கோடையில் தினமும் ஊற்ற வேண்டும்; செடி பெரிதாகிவிட்டால் காலை, மாலை இரண்டு வேளையும் கேட்கும்.

நாள் எண்ணுவதைவிட விரலை நம்புங்கள். இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் பொறுத்திருக்கலாம். உச்சி வெயிலில் இலை தொங்கினால் பதறாதீர்கள், சாயங்காலம் தானே நிமிரும். விடியற்காலையிலும் தொங்கிக் கிடந்தால் மண்ணைப் பாருங்கள். காய்ந்திருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேரில் கோளாறு, தண்ணீரை நிறுத்துங்கள்.

ஊற்றுவதைக் காலையில், தூரில் ஊற்றுங்கள். இலை நனைந்தால் கருகல் நோய் பரவும். தூரைச் சுற்றி வைக்கோலோ சருகோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டாலும் செடி தாங்கிக்கொள்ளும்.