மலை ஏறும் கால்களுக்கே தீர்ப்பு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சுறுசுறுப்பான வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது வீட்டுச் சாப்பாடா, மலை நடையா என்பது இன்றைய கேள்வி. நான் மலை நடையின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி ஒரு கணக்குச் சொன்னார். மலைக்குப் போவது மாதத்துக்கு ஒரு தடவை, சாப்பிடுவது நாளுக்கு மூன்று தடவை, அதனால் சாப்பாடே பெரிது என்றார். கைதட்டலும் வாங்கினார். வாங்கட்டும். வீட்டில் சமைத்தால் உப்பும் எண்ணெயும் நம் கையில் இருக்கும் என்றார், அதுவும் சரி. பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே சாப்பிட்டுக்கொண்டு அந்த அளவைக் காப்பது கஷ்டம்தான். ஆனால் தலைப்பு சுறுசுறுப்பு அல்லவா? வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழாத பிள்ளையைச் சுறுசுறுப்பானவன் என்று சமைத்துப் போட்ட அம்மாவே சொல்ல மாட்டார்!

விண்வெளி வீரர்களைப் பாருங்கள். அவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்பதை நிபுணர்கள் சத்துப் பார்த்து, அளவு பார்த்து வகுத்துக் கொடுக்கிறார்கள். எதிரணியின் சமையலறைகூட அவ்வளவு கறார் இல்லை. அப்படிச் சாப்பிட்டும், எடையற்ற நிலையில் பாரம் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. அதைத் தடுக்கத்தான் விண்வெளி நிலையத்தில் தினமும் 2 மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறார்கள். தட்டில் எவ்வளவு கால்சியம் வைத்தாலும், எலும்பு பாரம் சுமந்தால்தான் அது உடம்பில் தங்கும். சர்க்கரையும் அப்படித்தான். உழைக்கும் தசை இன்சுலினுக்குக்கூடக் காத்திராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதைச் செலவழிக்க ஆள் வேண்டாமா?

"நடந்தால் போதுமே, மலை எதற்கு?" என்று நடுவர் முகமே கேட்கிறது. மலை நடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குப் போட்டார். தூரத்தில் சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் சுமார் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம். அந்த இன்னொரு மணி நேரத்தில் இதயமும் நுரையீரலும் படுகிற பாடு இருக்கிறதே, சமதளத்தில் அது கிடைக்காது. இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கிப் பார்க்கட்டும்! உடல் எடையைத் தாங்கிக்கொண்டே தொடைத் தசை நீள்கிறது, அந்த வலி அதனால் வருவது. பழகப் பழகத் தசை வலுக்கும், வலியும் குறையும். கல்லும் வேரும் கிடக்கும் பாதை கணுக்காலுக்குச் சமநிலை கற்றுக்கொடுக்கிறது. அதை எந்தத் தட்டில் பரிமாறுவீர்கள்?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாகவாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். டிரெட்மில்லில் ஏறியவர் நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்க்கிறார். மலைப் பாதையில் போகிறவருக்கோ அடுத்த திருப்பத்தில் அருவி தெரியுமா, பள்ளத்தாக்கு தெரியுமா என்பதுதான் கவலை. 150 நிமிடம் போனதே தெரியாது. பிடித்துச் செய்கிற வேலையைத்தான் மனிதன் திரும்பத் திரும்பச் செய்வான். மாதத்துக்கு ஒரு தடவை என்றாரே தோழி, அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் பழகுகிறவர்களை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முழங்கால் வலிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எதிரணி கேட்கும். சிகரம் தொட்டே ஆக வேண்டும் என்று நாங்கள் சொன்னோமா? மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒரு சின்னக் குன்றில் ஏறலாம். இறங்கும்போது கைத்தடி ஊன்றினால் முழங்காலுக்குப் பாரம் குறையும்.

அப்புறம், எதிரணியின் சமையலை நாங்கள் வேண்டாம் என்றே சொல்லவில்லை. கெடாத வகையாகப் பார்த்துக் கட்டிக் கொடுங்கள், பையில் போட்டுக்கொள்கிறோம். ஏறி முடித்த பசியில் அதைப் பிரித்துச் சாப்பிட்டு, உங்கள் கைப்பக்குவத்தைப் புகழ்கிற முதல் ஆள் நானாகவே இருக்கிறேன். தீர்ப்பை மட்டும் எங்கள் பக்கம் தந்துவிடுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.