கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு மனு

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்திலிருந்து பேசுகிறேன். ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைத்து இந்த வீடியோவுக்குள் வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்; இது கேரளத்துச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று வரிசையாக வரும் எங்கள் பஞ்சாயத்துகளில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ். அதுவும் சொல்லுக்குச் சொல் ‘ங்க’ ஒட்டிய கொங்குத் தமிழ். ரேஷன் கார்டும், கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீதும் மலையாளம். தாய்மொழிப் பெருமையைப் பற்றி இங்கே நின்று பேசும்போது ஒரு சொல் பிசகினாலும் பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகும் என்பதால், இன்றைய பேச்சை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்தச் சமஸ்தானத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல், சென்னை மாகாணத்தின் மலபார், கோயம்புத்தூர் மாவட்டங்களுக்கு நடுவே தனித்துக் கிடந்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது திருக்கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம் என்று ஆட்சிதான் மாறியதே தவிர, இந்தக் கரிசலில் கடலையும் சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்த எங்கள் பாட்டன்மார் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதே நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியின் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததற்குப் பின்னால் மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களின் உயிர்விலையும் இருக்கின்றன. தமிழர் நிறைந்த மலைத் தாலுகாக்களான தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை இன்று மறுபடி திறக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் ஊரில் வேறு யாருக்கும் இருப்பதாகவும் தெரியவில்லை.

ஏனென்றால் மொழி ஒரு பக்கமும் பிழைப்பு ஒரு பக்கமும் இழுக்கும் ஊர் இது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையோரத்து மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வந்தாக வேண்டும். அது குறைகிற கோடையில், சித்தூர்ப் புழையை நம்பி நிற்பவர் தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும் சேர்ந்து நின்று தமிழ்நாட்டிடம்தான் கேட்கிறார். பொள்ளாச்சிப் பக்கம் பெண் எடுத்த வீட்டு மச்சானோ தம்முடைய வாய்க்காலுக்காக எதிர்ப்பக்கம் நிற்கிறார். மாமனும் மச்சானும் நல்ல கொங்குத் தமிழிலேயே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மொழிப்பற்றையும் மாநிலப்பற்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் ஒரு கோடைக்கு இங்கே வந்து தங்கிப் பார்க்கலாம்.

ஏளனமும் எங்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கிடைக்கிறது. மேற்கே போனால், தமிழரை இளப்பமாகச் சொல்லும் ‘பாண்டி’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். கிழக்கே கோயம்புத்தூருக்குப் போனால், மலையாளம் கலந்த தமிழ் என்று சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். பதிலுக்கு நம்மவர்கள் எடுக்கும் ஆயுதம், மலையாளம் தமிழிலிருந்து பிறந்ததுதானே என்ற வாதம். மொழியியல் அறிஞர்கள் நிதானமாக ஆராய வேண்டிய அந்த விஷயத்தை டீக்கடைப் பெஞ்சில் போட்டு உடைத்து யாரும் எதையும் சாதித்ததில்லை. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்தது இதே சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்குள்ள குருமடத்துக்குத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் விஜயதசமியன்று எழுத்துத் தொடங்கப் போவதுண்டு. அதில் தமிழுக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை.

குறைவு வேறோர் இடத்தில் இருக்கிறது. எங்கள் அக்காள் மகள் எட்டாம் வகுப்பு, மலையாள வழியில் படிக்கிறாள். மாரியம்மன் நோம்பிக்குப் பாடும் கும்மிப் பாட்டுகளைப் பாட்டி சொல்லச் சொல்ல அவள் ஒரு நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பாட்டு முழுவதும் தமிழ், எழுத்து முழுவதும் மலையாளம். ழகரமும் றகரமும் அந்த எழுத்திலும் உண்டு என்பதால் ஒரு வரி தட்டாமல் அவள் பாடிவிடுகிறாள். ஆனால் அவள் நோட்டைப் பாட்டியால் படிக்க முடியாது. பாட்டியின் தகரப் பெட்டியில் இருக்கும் பழைய பாட்டு நோட்டை அவளால் படிக்க முடியாது. எங்கள் ஊரில் தமிழ் பேச்சில் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது, எழுத்தில்தான் மெலிந்துகொண்டு போகிறது.

இதற்காகப் பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையமான பிஎஸ்சியின் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு மலையாளம் சோறு போடும் மொழி. ஆனால் ஒன்றைப் படிப்பதற்கு மற்றொன்றை விட்டாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழ் வழியிலேயே எழுதலாம். மற்ற வழிகளில் படிப்பவர்கள்கூட, ஆசிரியர் இருக்கும் பள்ளியில், தமிழை முதல் மொழியாக எடுக்கலாம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவே சொல்கிறது. அது மாநிலங்கள் பிரிந்த அதே 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே பெறலாம் என்கிறது அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இந்த உரிமை, மேடை போட்டுத் ‘தமிழ் வாழ்க’ என்று முழங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் நிலவரிக் கணக்கில், அதாவது தண்டப்பேரில், அப்பாவின் பெயருக்கு முன்னெழுத்துத் தவறாக ஏறியிருந்தது. அதைத் திருத்தக் கேட்டுத் தமிழில் மனு எழுதி வில்லேஜ் ஆபீசுக்குக் கொண்டு போனேன். எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் முழுவதும் புரிந்தது. “சேட்டா, மலையாளத்திலாயிருந்நெங்கில் வேகம் நடந்நேனே”, அதாவது மலையாளத்தில் இருந்திருந்தால் சீக்கிரம் நடந்திருக்குமே என்று நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் மாற்றவில்லை, ரசீது கொடுத்தார். பதில் மலையாளத்தில் வந்தது. தமிழில் பதில் வேண்டும் என்று சட்டத்தைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். தாமதமாக வந்தாலும் வந்தது. ஒற்றுப் பிழைகள் நிறைய இருந்தாலும் தமிழில்தான் இருந்தது. அந்த அலுவலகத்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. இப்படி மாதத்துக்குப் பத்து மனு போனால், தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்த அலுவலகத்தின் தபால் பதிவேடே சாட்சியாகிவிடும். எழுதாமலேயே இருந்துவிட்டு ஆள் இல்லை என்று புலம்புவதை நான் பெருமையின் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேலிடத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. 2021இல் தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அன்று யாருடைய தலையும் உருண்டுவிடவில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பஞ்சாயத்துகளுக்குள் எண்ணிக்கையில் பெரியவர்கள் நாம்தான். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்களும், கன்னடம் பேசுகிறவர்களும், எரவாளர் பழங்குடியினரும் நம் நடுவே வாழ்கிறார்கள். எரவாளர் வீட்டுப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் ஒரு சொல் சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்வது நம் பிள்ளைகள்தான். அதைக் கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிரிப்பது நாம்தான். ‘பாண்டி’ என்று கேட்டால் கொதிக்கிற வாய்க்கு இது மட்டும் எப்படி வேடிக்கையாகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஜூனில் பள்ளிச் சேர்க்கை நடக்கும்போது, முதல் மொழியாகத் தமிழ் எடுக்க அந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா என்று வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இல்லை என்றால், வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நான் கொடுத்த மனுவின் படம் இப்போது திரையில் வருகிறது. பெயரையும் தண்டப்பேர் எண்ணையும் மறைத்திருக்கிறேன். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிடும் வரி மேலிருந்து மூன்றாவது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முகவரியை மட்டும் உங்கள் வில்லேஜ் ஆபீசுக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.