வாரன் என்ற போதகர்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவச் சபையின் போதகர் ஒருவர் பல்கலைக்கழகத் தலைவராவது புதுமையே அல்ல. சபையார் ஊர் ஊராகக் கல்லூரி கட்டினார்கள், கட்டியதை நடத்தத் தங்கள் போதகர்களையே அமர்த்தினார்கள். அந்த வரிசையில் வில்லியம் ஃபேர்ஃபீல்ட் வாரன் எனக்குப் பிடித்தமானவர். துணிச்சலும் விசித்திரமும் அவரிடம் சம அளவில் இருந்தன.

1833இல் மாசசூசெட்ஸில் பிறந்தார். பெர்லினிலும் ஹாலேயிலும் படித்தார். பிரேமன் நகரில் ஜெர்மானிய மெதடிஸ்ட் மாணவர்களுக்கு இறையியல் கற்பித்தார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார்.

பதவி பெரிது, பணம்தான் இல்லை. பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஐசக் ரிச் என்ற மீன் வணிகர் தம் சொத்தின் பெரும்பகுதியை அதற்கே எழுதிவைத்து இறந்தார். அதே ஆண்டு, 1872 நவம்பரில், பாஸ்டனைப் பெருந்தீ தின்றது. அந்தச் சொத்திலிருந்த கட்டடங்கள் பலவும் அதில் போயின. இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் வேறொருவர் அடங்கியிருப்பார்.

வாரன் அடங்கவில்லை. ஆணுக்குத் திறந்த எல்லாத் துறைகளும் பெண்ணுக்கும் திறந்தே இருந்தன. 1877இல் ஹெலன் மகில் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லும் அப்போது அங்கே பேராசிரியராக இருந்தார். பலரும் அவரைச் சொல்லித்தான் அந்தப் பல்கலைக்கழகத்தைப் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ மகிலின் பட்டமே பெரிதாகத் தெரிகிறது.

இறையியல் பள்ளியில் கதை வேறு மாதிரிப் போனது. அன்னா ஆலிவர் 1876இல் அங்கே பட்டம் பெற்றார், இரண்டு ஆண்டுகள் கழித்து அன்னா ஹோவர்ட் ஷா பெற்றார். வாரனின் சொந்தச் சபையோ 1880இல் இருவருக்கும் குருப்பட்டம் தர மறுத்துவிட்டது. படிக்கலாம், பீடமேறக் கூடாது! ஷா வேறொரு மெதடிஸ்ட் பிரிவில் குருப்பட்டம் பெற்றார். பிற்காலத்தில் பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்குத் தேசிய அளவில் தலைமையும் ஏற்றார்.

வாரனின் மனைவி ஹேரியட்டையும் சொல்லியாக வேண்டும். 1869இல் பாஸ்டனில் தொடங்கிய மெதடிஸ்ட் பெண்கள் மிஷன் சங்கத்தின் பத்திரிகைக்கு அவரே முதல் ஆசிரியர். ஆசிரியை இசபெல்லா தோபர்னை லக்னோவுக்கும், மருத்துவர் கிளாரா ஸ்வைனை பரேலிக்கும் அனுப்பியது அந்தச் சங்கம்தான்.

இனி விசித்திரத்துக்கு வருகிறேன். 1885இல் வாரன் ஒரு நூல் எழுதினார். ஏதேன் தோட்டம் இருந்தது வட துருவத்திலாம்! புராணங்களின் மேரு மலையையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். இன்று அறிவியல் உலகில் யாரும் அதை ஏற்பதில்லை. ஆனால் புனேயில் ஒருவர் அதை அக்கறையோடு படித்தார். அவர் பாலகங்காதர திலகர். வேதங்களின் தாயகம் ஆர்க்டிக் என்று வாதிட்டு 1903இல் அவர் வெளியிட்ட நூலில் வாரனின் பெயர் வருகிறது.

அதே ஆண்டில் வாரன் தலைவர் பதவியிலிருந்து விலகினார். வீட்டுக்குப் போகவில்லை. 1911 வரை இறையியல் பள்ளியின் முதல்வராக இருந்து, 1929இல், தொண்ணூற்றாறு வயதில் காலமானார்.

வணக்கம்.