பெட்டிக்குள் ஒரு கண்கட்டு வித்தை

(புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வீடியோ கேம் கிராபிக்ஸ் என்றதும், வியர்வைத் துளிவரை தெரியும் புது கேம்களைப் போட்டுக் காட்டுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கு யூடியூப் போதும். நான் பேசப்போவது, இன்று பார்த்தால் சிரிப்பு வருகிற, ஆனால் வந்த புதிதில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த கேம்களைப் பற்றி. இடமும் இல்லாமல் வேகமும் இல்லாமல் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் எனக்கு ருசி.

முதலில் மரியோ. நம்ம சண்டே மார்க்கெட்டில் கேசட் வாங்கி, ஊதி ஊதிச் செருகியவர்கள் பின்வரிசையில் சிலராவது இருப்பீர்கள். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் படங்களுக்கென்று இருந்த இடம் வெறும் 8 கிலோபைட். உங்கள் அத்தை காலையில் வாட்ஸாப்பில் அனுப்பும் பூப்படம்கூட அதில் அடங்காது. அதனால் மேகத்துக்கு வரைந்த படத்துக்கே பச்சை அடித்துப் புதராக்கிவிட்டார்கள். நம்மில் யார் கவனித்தோம்?

அப்புறம் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, 1989. அதில் இளவரசன் ஓடுவதும், பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும் நிஜ மனிதன் மாதிரியே இருக்கும். காரணம், அது நிஜ மனிதன்தான். அந்த கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பி டேவிடுக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்தார். பிறகு ஒவ்வொரு அசைவையும் பார்த்து வரைந்தார்.

இதில் ஒரு சிக்கல். அந்த அசைவுகளே ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தை விழுங்கிவிட்டன. தோழி ஒருவர் எதிரி வேண்டும் என்று நச்சரிக்கிறார். புதிதாக வரைந்து வைக்க இடமில்லை. சரி, இருப்பதை வைத்தே செய்வோம் என்று இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன்மேல் வைத்தார். இரண்டும் ஒத்துப்போகிற புள்ளிகள் அணைந்துவிடும், மற்றவை மட்டும் மினுங்கும். பேய் மாதிரி ஓர் உருவம் கிடைத்தது. கண்ணாடிக்குள் பாய்ந்தால் மறுபக்கம் குதித்து ஓடுமே, அந்த நிழல் மனிதன் பிறந்த கதை இதுதான். கடைசியில் அவனோடு வாள் சண்டை போட்டால் நாமே சாவோம், ஏனென்றால் அவன் நாம்தான். ஒரு கேமின் உயிரான பாத்திரம், இடப் பற்றாக்குறைக்குப் பிறந்த பிள்ளை!

சைலன்ட் ஹில் என்ற திகில் கேமின் மூடுபனியும் இந்த ரகம்தான். 1999இல் பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருவை வரைய முடியவில்லை. பனியைப் போட்டு மூடினார்கள், நாம் பயந்து நடுங்கினோம். 2007இல் வந்த கிரைசிஸ் என்ற கேமும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை முழு அழகோடு ஓட்ட நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது காசு கொடுத்து வாங்குகிற வியப்பு. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை.

கடைசியாக, அரக்கர்களைச் சுட்டுத் தள்ளும் டூம், 1993. முப்பரிமாணம் என்று உலகமே நம்பியது. ஆனால் அதில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கட்டவே முடியாது. சில அரக்கர்களை, நம்ம வில்லியனூர்க்காரர்கள் பொம்மை செய்வதுபோலக் களிமண்ணில் செய்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துத் தட்டைப் படமாகத்தான் நிறுத்தினார்கள். செத்து விழுந்த பிறகு ஒரே ஒரு கோணம்தான்.

நம்பாதவர்கள் மேடைக்கு வாருங்கள், லேப்டாப்பில் டூம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவனைச் சுட்டுச் சாய்த்துவிட்டுப் பிணத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் அது உங்களைப் பார்த்தே கிடக்கும்.