கடல் கொள்ளும் கோட்டை: டினாஸ் டின்லே

அவையோர்க்கு வணக்கம். வடமேற்கு வேல்ஸில், கார்னார்வன் நகருக்குத் தென்மேற்கே, ஐரிஷ் கடலை ஒட்டித் தனியாக எழும் ஒரு குன்றின் மேல் டினாஸ் டின்லே என்னும் இரும்புக் காலக் கோட்டை இருக்கிறது. கோட்டை என்றதும் கருங்கல் மதிலையும் கொத்தளத்தையும் எண்ணிவிட வேண்டாம். அகழி வெட்டி, வெட்டிய மண்ணையே கரையாகக் குவித்து, குன்றின் உச்சியை வளைத்து அடைத்த இரட்டை மண்மதில் இது. நிலப்பக்கம் அந்த மதில்கள் புல் போர்த்திய மேடுகளாக இன்றும் ஓங்கி நிற்கின்றன. மேற்குப் பக்கத்தைக் கடல் கொண்டுவிட்டது.

பழியைக் கடலின் மேல் மட்டும் போடுவது சரியன்று. இந்தக் குன்று பாறையால் ஆனதன்று. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளங்கள் தள்ளிக்கொண்டுவந்து விட்டுப்போன மணலும் சரளையும் களிமண்ணும் சேர்ந்தது. புயற்காலத்தில் அலைகள் அடிவாரத்தை அரிக்க, மேலிருந்து ஊறி இறங்கும் மழைநீர் சரிவை நெகிழ்த்த, மண் பாளம் பாளமாகக் கழன்று கடற்கரையில் விழுகிறது.

இத்தனைக்கும் இது சட்டத்தின் காவலில் உள்ள சின்னம். நிலம், வரலாற்று இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கு உரியது. பட்டியலிட்ட சின்னத்தில் அனுமதியின்றி மண்ணைத் தோண்டுவதும், உலோகம் தேடும் கருவியோடு நுழைவதும் குற்றம். பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்துக்குப் பதிலாக, வேல்ஸ் தனக்கென 2023இல் இயற்றிய சட்டம் 2024 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. கலப்பையையும் கடப்பாரையையும் தடுக்க இது போதும். மழைக்கு யார் தடையாணை பிறப்பிப்பது?

ஆகவேதான் 2019இல் நடந்த அகழாய்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அயர்லாந்தும் வேல்ஸும் இணைந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு நடத்திய, காலநிலை மாற்றம் கடலோரத் தொல்லிடங்களைத் தாக்கும் விதத்தை ஆராய்ந்த செரிஷ் திட்டத்தின் ஒரு பகுதி அது. கடல் நோக்கிய விளிம்பருகே, காற்று கொண்டுவந்து மூடிய மணலுக்கு அடியில், ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள, தடித்த கற்சுவர் கொண்ட ஒரு வட்ட வீடு வெளிப்பட்டது. கிடைத்த ரோமானியர் காலப் பானையோடுகள், அவர்கள் ஆட்சியிலும் இங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன.

அகழ்வதும் ஒருவகை அழிவே என்பதால், காவலில் உள்ள இடத்தைத் தொடாமல் விடுவதே தொல்லியலாரின் பொதுவழக்கம். அந்த வழக்கம் நிலப்பக்கத்து மதில்களுக்குப் பொருந்தும், அவை காத்திருக்கலாம். சரிவின் விளிம்பில் உள்ள மண்ணை மட்டும், கடலுக்கு முன்னால் நாம் முந்திக்கொண்டு அகழ்ந்து பதிவுசெய்ய வேண்டும் என்பதே என் கருத்து.